திருநெல்வேலி எங்கே முடிகிறது?

மனிதப் புவியியல் கலைச்சொற்களை வரிசையாக ஒப்பித்துவிட்டு உட்காரும் பிள்ளைகளிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பாளையங்கோட்டையில் ப்ளஸ் டூ மாணவர்களுக்கும் அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் பல வருடமாகப் புவியியல் எடுக்கிறேன். கேட்டதும் ஒருவன் கங்கைகொண்டான் தாண்டினால் முடிந்தது என்பான். தெற்கே காவல்கிணறு என்பாள் ஒருத்தி. "தென்காசியும் நம்ம ஊர்தான சார்" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். மூன்றுமே சரி. வட்டாரம் என்ற கருத்தைப் பாதி நடத்தி முடித்தாயிற்று.

1790இல் கம்பெனிக்காரர்கள் அமைத்த திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019இல் தென்காசி பிரிந்தது. கோடு போட்டுக் காட்டுகிற இந்த வட்டாரம் ஒரு வகை. பணகுடிக்காரர் நகை எடுக்கவும் ஆஸ்பத்திரிக்கும் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறுகிறாரே, அது இரண்டாவது வகை. கலெக்டர் ஆபீஸ் வடக்கே இருக்கிறது, கால் தெற்கே போகிறது. செயல்பாட்டு வட்டாரம் என்று புத்தகம் சொல்வது அந்தக் கால் போகிற திசையைத்தான். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் சென்னையில் யாராவது ஊரைக் கேட்டால் "திருநெல்வேலிப் பக்கம்" என்கிறார். அவர் மாவட்டம் தூத்துக்குடி ஆகி நாற்பது வருடம் ஆகப்போகிறது. மனசில் இருக்கிற வட்டாரம் அரசிதழைப் பார்த்து மாறுவதில்லை.

இதில் தேர்வுக்கு நேரடியாக உதவுகிற ஒரு பாடம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டத்துக்குச் சொல்லப்படும் சுமார் 30.77 லட்சம் என்பது தென்காசியையும் சேர்த்த கணக்கு. அந்த எண்ணை எடுத்து இப்போதைய மாவட்டப் பரப்பளவால் வகுத்து அடர்த்தி எழுதுகிற விடைத்தாள்களைப் பார்த்திருக்கிறேன். எல்லையை மாற்றினால் எண் மாறும், எண் மாறினால் முடிவும் மாறும். எந்தப் புள்ளிவிவரத்தைத் தொட்டாலும் அது எந்த வருட எல்லைக்கு உரியது என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து அமைவிடமும் அமைவுச் சூழலும். ஊர் உட்கார்ந்திருக்கிற மண், மேடு, தண்ணீர் எல்லாம் அமைவிடம். மற்ற ஊர்களோடும் வழிகளோடும் அது எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பது சூழல். இதை விளக்கக் கொற்கையைவிட நல்ல ஊர் கிடைக்காது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊருக்கு இன்று போனால் கடலைக் காணோம்; வயலும் வாழையும்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை நகர்ந்து, கடல் சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. துறைமுகம் காயல் என்ற ஊருக்குப் போனது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியது அந்தக் காயலைப் பற்றி. அப்புறம் புன்னைக்காயல், தூத்துக்குடி என்று வணிகம் கைமாறியது. கொற்கை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, அதன் சூழல்தான் அதை விட்டுப் போய்விட்டது. ஒரு மாணவி விடைத்தாளில் எழுதிய வரி: "கொற்கை நகரவில்லை, கடல் நகர்ந்தது." மதிப்பெண்ணை அந்த ஒரு வரிக்கே கொடுத்துவிடலாம்.

நகர அமைப்புக்கு நம்ம ஊரையே எடுத்துக்கொள்வேன். சிகாகோ நகரத்தை வைத்து, ஒரே நடுவைச் சுற்றி நகரம் வளர்வதாக வட்டம் வட்டமாக வரைந்த படத்தை எல்லோரும் அழகாக வரைகிறார்கள். வரைந்துவிட்டு, "நம்ம ஊரில் நடு எது?" என்று கேட்டால் திணறுகிறார்கள். டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள், அதில் ஜவுளி, நகை, பாத்திரக் கடைகள்: அது ஒரு நடு. 1870களில் ரயில் வந்ததும் ஸ்டேஷனைச் சுற்றி ஜங்ஷன் வளர்ந்தது: அது இன்னொரு நடு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் கோட்டை, கம்பெனிப் படை, பிறகு மிஷன் பள்ளிகள், 1923இல் சவேரியார் கல்லூரி என்று மூன்றாவது நடு. ஹாரிஸும் உல்மனும் 1945இல் பல கருக்கள் கொண்ட நகரம் என்று சொன்னது இதைத்தான். அவர்கள் திருநெல்வேலியைப் பார்த்திருந்தால் படம் வரைய இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த நடுக்களைச் சேர்த்துக் கட்டியது 1843இல் திறந்த சுலோச்சனா முதலியார் பாலம். அவர் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதில் புவியியல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கு முன்னால் டவுனிலிருந்து பாளைக்குப் போக ஆற்றில் படகு. வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. கிலோமீட்டர் மாறவில்லை, தொலைவு மாறியது. தொலைவை நேரத்தாலும் செலவாலும் அளக்க வேண்டும் என்ற கருத்தை இந்தப் பாலத்தில் நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

மனிதனை இயற்கை நடத்துகிறதா, மனிதன் இயற்கைக்குள் வழி பார்த்துக்கொள்கிறானா என்பது இந்தப் பாடத்தின் பழைய சண்டை. ரட்சலும் அவர் வழிவந்தவர்களும் ஒரு பக்கம், பிரான்சின் விடால் டி லா பிளாஷ் இன்னொரு பக்கம். முதல் பக்கத்துக்கு நியதிவாதம், இரண்டாவதுக்குச் சாத்தியவாதம் என்று பெயர். புத்தகத்தில் பனிப்பிரதேசத்து எஸ்கிமோவும் பாலைவனத்து நாடோடியும் உதாரணமாக வருவார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போவானேன் என்று தோன்றும்.

தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையிலும் தண்ணீர் உண்டு. இயற்கை கொடுத்தது அவ்வளவுதான். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு இடத்தில் ஆற்றை மறித்து, கால்வாய் வெட்டி, குளத்துக்குக் குளம் தண்ணீரை இறக்கியது மனிதர்கள். கடைசி அணை வெள்ளைக்காரன் காலம், மற்றவை அதற்கு முந்தியவை. அதனால்தான் காரும் பிசானமும் என்று இரண்டு போகம் நெல். கால்வாய் எட்டாத நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் போனால் மழையை நம்பிய குளமும் கிணறும் பனையும். ஒரே மாவட்டம், ஒரே வெயில்.

குறுக்குத்துறை முருகன் கோயிலையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில். வெள்ளம் வரும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். தண்ணீரைப் பிளந்து விடும் மாதிரி படகு மூக்குப்போல ஒரு முகப்பு. வெள்ளம் ஏறினால் உற்சவர் மேலக்கோயிலுக்குப் போய்விடுவார், தண்ணீர் வடிந்ததும் திரும்பி வருவார். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது ஜங்ஷனும் தாழ்வான குடியிருப்புகளும் பட்ட பாட்டை இந்தக் கோயிலோடு வைத்துப் பார்க்கச் சொல்வேன். அந்த வெள்ளத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுப் படத்தில் குறியுங்கள், பிறகு பழைய நில அளவைப் படத்தில் குளமும் ஓடையும் எங்கே ஓடியது என்று பாருங்கள். இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்த பிள்ளைகளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காற்றும் அப்படித்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று ஆதிகாலம் தொட்டே வருகிறது. முன்பெல்லாம் அது வாழையைச் சாய்க்கும், கண்ணில் மண்ணைப் போடும். காற்றாலை வந்த பிறகு அதே காற்றுக்காகப் பணகுடியிலும் ராதாபுரத்திலும் நிலத்துக்கு விலை ஏறியது. ஒரு பொருள் வளமாக இருப்பதில்லை, அறிவும் தேவையும் சேரும்போது வளமாக ஆகிறது என்று ஜிம்மர்மன் சொன்ன கருத்துக்குக் காவல்கிணற்றில் பஸ்ஸை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தால் போதும்.

தொழில் ஏன் அங்கே இருக்கிறது என்ற பாடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வண்டிக்கூலியும் ஆள்கூலியும் குறைகிற இடத்தைத் தேடித்தான் தொழில் அமையும் என்று ஆல்ஃபிரட் வெபர் 1909இல் எழுதிய கோட்பாடு கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். நம்மூரில் மூன்று இடத்துக்குப் போய்வந்தால் வழிக்கு வந்துவிடும். முதலில் தாழையூத்து. 1949இல் சிமெண்ட் ஆலை வந்த இடம். ஒரு டன் சிமெண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும், சூட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான எடை புகையாகப் போய்விடும். போகப்போகிற எடைக்கு வண்டிக்கூலி கொடுப்பானேன்? அதனால் கல் இருக்கிற இடத்தில் ஆலை. இரண்டாவது விக்கிரமசிங்கபுரம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் நூற்பு மில் கட்டியபோது பஞ்சு விளைகிற கரிசல் காட்டை விட்டுவிட்டுப் பாபநாசத்து மலையடிவாரத்துக்கு வந்தார்கள். அருவித் தண்ணீரின் விசைதான் காரணம். பஞ்சு வண்டியேறி வரும், அருவி வராது.

மூன்றாவது பீடி. இதற்குத்தான் பிள்ளைகளை நேரில் போகச் சொல்வேன். மானூர் பக்கத்தில் ஒரு ஊருக்கு இரண்டு மாணவிகளோடு போயிருந்தேன். திண்ணையில் ஒரு அக்கா மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நனைத்த இலையில் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூளைப் போட்டு, இரண்டு கைவிரலும் ஒரு சேர உருட்ட, நூலைச் சுற்றி அறுத்து, வாயை உள்ளே மடக்கித் தட்டில் போட்டார். கண் பாட்டுக்கு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, வாய் பேசிக்கொண்டிருந்தது, கை நிற்கவில்லை. இலை எங்கிருந்து வருகிறது அக்கா என்று கேட்டாள் ஒருத்தி. "கடையில குடுப்பாங்க தாயி. அவங்களுக்கு எங்கேயிருந்து வருதுன்னு நமக்கு என்ன தெரியும்?"

அது மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளில் பறித்த இலை. தூளும் இந்த மண்ணில் விளைந்தது கிடையாது. பீடி குடிக்கிறவரும் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறார். மூலப்பொருளும் இங்கே இல்லை, சந்தையும் இங்கே இல்லை, ஏன் இங்கே? இலையும் தூளும் பீடியும் லேசான சரக்கு, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் அனுப்பலாம். கை மட்டும்தான் இங்கே இருக்கிறது. "வயல் வேல வருசத்துக்கு எத்தன நாளு? வீட்ட விட்டுப் போகாம, பிள்ளையப் பாத்துக்கிட்டுச் செய்யிற வேல வேற என்ன இருக்கு?" என்று அந்த அக்கா சொன்னார். உழைப்பு மலிவாகக் கிடைக்கிற இடத்தை நோக்கித் தொழில் நகரும் என்று வெபர் எழுதியதன் உள்ளே, மலிவு என்ற சொல்லுக்குக் கீழே, யார் இருக்கிறார் என்று பிள்ளைகள் அன்று பார்த்தார்கள். ஏன் மலிவு என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் பொருளாதாரப் புவியியல் சமூகப் புவியியல் ஆகிவிடும். கேட்க வேண்டிய கேள்வி அது.

புலம்பெயர்வுக்கு வருவோம். தள்ளும் காரணி, இழுக்கும் காரணி, நடுவில் வரும் தடைகள் என்று எவரெட் லீ 1966இல் எழுதியதைப் பட்டியலாகப் படித்தால் மறந்துபோகும். சென்னையில் மளிகைக்கடைக்காரரை ஏன் எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார்கள் என்று யோசித்தால் மறக்காது. மழை பொய்த்த பனங்காட்டு ஊரிலிருந்து முதலில் ஒருவர் போனார், கடை போட்டார். அடுத்து தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுப் பையன். போனவர்கள் கடையிலேயே படுத்து, தொழில் பழகி, சில வருடத்தில் தனிக்கடை வைத்தார்கள். தங்க இடமும் தொழிலும் முதலும் ஒரே சொந்தக்காரர் வழியாகக் கிடைத்ததால் நடுவில் இருக்கிற தடை கரைந்துபோனது. சங்கிலிப் புலம்பெயர்வு என்பது இது. அரபு நாட்டுக்குப் போனதும் பெரும்பாலும் இதே வழியில்தான்.

இதோடு ஒரு எண்ணைச் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். 2011இல் திருநெல்வேலி மாவட்டத்தின் பாலின விகிதம் ஆயிரம் ஆண்களுக்கு 1023 பெண்கள். தமிழ்நாட்டுக்கு 996, சென்னைக்கு 989. உடனே, நம்ம ஊரில் பெண்களுக்கு மதிப்பு ஜாஸ்தி என்று எழுதிவிடுகிறார்கள். அவசரப்படக் கூடாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்தால் அதே மாவட்டத்தில் விகிதம் ஆயிரத்துக்குக் கீழே. ஆக 1023இல் பெரும்பங்கு, வேலைக்கு வெளியே போன ஆண்களும் வயதான காலத்தில் பெண்கள் அதிகம் இருப்பதும்தான். சென்னை எண்ணில் குறைகிற பெண்கள் எங்கே என்று தேடினால் கடையில் படுத்திருக்கிற தம்பிமார் கணக்கில் வருவார்கள். ஒரே எண்ணைப் பெருமையாகவும் படிக்கலாம், புலம்பெயர்வாகவும் படிக்கலாம். வயதுவாரியாகப் பிரித்தால்தான் எது என்று தெரியும்.

இன்னொன்று: ராவன்ஸ்டைன் 1885லேயே கண்டுபிடித்த விதி, குறுகிய தூரத்துக்கு இடம்பெயர்கிறவர்களில் பெண்களே அதிகம் என்பது. இதை எந்தப் பையனும் நம்புவதில்லை. உங்கள் அம்மா எந்த ஊர், ஆச்சி எந்த ஊர் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கல்யாணம் முடித்து வந்தவர்களை யாரும் புலம்பெயர்ந்தவர்களாக நினைப்பதே இல்லை.

அல்வாவைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபிப்பார்கள், ஆகவே சுருக்கமாக. நெல்லுக்குப் பேர்போன ஊரின் பேர்போன இனிப்பு கோதுமையில் செய்வது. கோதுமை இங்கே விளைவதில்லை. வடக்கேயிருந்து வந்து குடியேறிய ராஜபுத்திரக் குடும்பத்தார் கொண்டுவந்த கைப்பக்குவம் என்று சொல்வார்கள். ஆள் நகர்ந்ததால் வழக்கமும் நகர்ந்தது: இடம்பெயர் பரவல். அப்புறம் கடைக்குக் கடை பரவியது தொற்றுப் பரவல். ருசிக்குக் காரணம் தாமிரபரணித் தண்ணீர் என்பது ஊரின் நியதிவாதம். மணிக்கணக்கில் கிண்டுகிறவரின் தோளைக் கேட்டால் வேறு பதில் சொல்லும்.

சின்னத் தேவைக்குப் பக்கத்து ஊர், பெரிய தேவைக்குப் பெரிய ஊர் என்று ஊர்கள் படிப்படியாக அமைவதைச் சொல்லும் மைய இடக் கோட்பாட்டைப் புரிந்துகொள்ள ஒரு பயிற்சி போதும். ஊரில் ஐந்து வீட்டில் ஐந்து கேள்வி: உப்பு எங்கே வாங்குவீர்கள், உரம் எங்கே, பல்வலிக்கு எங்கே, கல்யாணப் பட்டுக்கு எங்கே, இதய ஆபரேஷனுக்கு எங்கே? தெருக்கடை, பக்கத்து ஊர், வள்ளியூரோ அம்பாசமுத்திரமோ, டவுன் ரத வீதி, ஐகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரி என்று படி ஏறும். கிறிஸ்டாலர் 1933இல் தென் ஜெர்மனியில் பார்த்த படிநிலை இதுவே. ஒவ்வொரு ஊரின் சந்தை எல்லைக்கும் அவர் வரைந்த அறுகோணம் மட்டும் இங்கே வராது. மேற்கே மலை, நடுவில் ஆறு, கிழக்கே கடல். ஊர்கள் ஆற்றையும் ரோட்டையும் பிடித்துக்கொண்டு வரிசையாக இருக்கின்றன. அறுகோணம் ஏன் உடைந்தது என்று எழுதினால் வரைந்ததைவிட அதிக மதிப்பெண்.

கடைசியாக, களத்துக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம். தெருப் பெயரைக் கேட்டுப் பேச்சைத் தொடங்காதீர்கள். நம் ஊர்களில் எந்தத் தெரு என்று கேட்பது எந்தச் சாதி என்று கேட்பதாகவே காதில் விழும். பல சமயம் கேட்கிறவர் மனசிலும் அதுதான் இருக்கும். குடியிருப்பு அமைப்பில் சாதி இருக்கிறது, அதைப் படிக்காமல் விடக் கூடாது. அதற்கு வேறு வழி உண்டு. தார் ரோடு எந்த வீட்டோடு நிற்கிறது, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம், ரேஷன் கடைக்கு யார் அதிக தூரம் நடக்கிறார்கள், வெள்ளம் வந்தால் முதலில் யார் வீடு? கண்ணால் பார்த்துப் படத்தில் குறித்தால் ஒருவரையும் சங்கடப்படுத்தாமல் விடை வந்துவிடும்.

அதேபோல, பேச்சுக் கொடுக்கிறவர் வேலையில் இருந்தால் வேலையைக் கெடுக்காதீர்கள். பீடித் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தால் கடைக்குச் சரக்குக் கொண்டுபோய் ஒப்படைக்கிற நேரம் எது என்று விசாரித்து அதற்கு முன்பே எழுந்துவிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் அவருக்குத்தான் கூலி குறையும். வயல்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் நடவு நேரத்தை விட்டுவிடுங்கள். சாயங்காலம் டீக்கடை பெஞ்சு நல்ல இடம். ஆனால் அங்கே ஆண்கள் சொல்வதை மட்டும்தான் கேட்க முடியும், பாதி ஊர் அங்கே வராது. ரேஷன் வரிசையும் மகளிர் குழுக் கூட்டமும் அந்த மறுபாதிக்கு. மாணவிகள் போனால் எனக்குக் கிடைக்காத பதிலெல்லாம் அவர்களுக்குக் கிடைக்கிறது. அதனால் இப்போதெல்லாம் கேள்விகளை அவர்களிடமே எழுதிக் கொடுத்துவிட்டு நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொள்கிறேன்.